செத்தவீட்டுக்கு வெட்டிய குறோட்டன்

என் மனைவி தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, அவள் கையில் மருந்துப் போத்தலோடு மூன்று தடிகளும் இருந்தன. ஈரத்துணி சுற்றிய, ஒரு சாண் நீளத் தடிகள். நுனியில் மட்டும் இரண்டு மூன்று இலைகள். பச்சையில் மஞ்சளும் சிவப்பும் தெறித்துக் கிடந்தன.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"குறோட்டன். வார்ட் வாசலிலை வரிசையா நிண்டது. கூட்டிற அம்மா கத்தரிச்சுப் போட்டவ. கேட்டனான், தந்தவ."

அவள் அவ்வளவு நீளமாகக் கதைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உள்ளுக்குள் எரிச்சல்தான். வீட்டில் ஒரு நல்ல பானை இல்லை, படுக்கப் பாயில்லை, இவள் இலை பார்க்கத் தடி கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு. அந்த ஆடி மாதம் வரை நாங்கள் கொழும்பில் இருந்தோம். கலியாணம் முடித்து மூன்று வருடம். நான் கட்டடங்களுக்குப் படம் கீறுகிற வேலை. அவள் பிறந்து வளர்ந்ததே கொழும்பில்தான். யாழ்ப்பாணத்துக்குத் திருவிழாவுக்கும் கலியாணங்களுக்கும் வந்துபோனதோடு சரி. நாங்கள் இருந்த வாடகை வீடு கலவரத்தில் எரிந்தது. உடுத்திருந்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போய் இருந்தோம். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

மண்டபத்துக்குப் போன நான்காம் நாள் அவளுக்கு வயிற்றுக்குத்து வந்தது. யாரோ ஒருவருடைய வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் வெளியே வருவது ஆபத்து என்று என்னை ஏற்றவில்லை. மறுநாள் பின்னேரம் அவள் அதே வண்டியில் திரும்பி வந்து, சுவரோரம் என் பக்கத்தில் இருந்தாள். பிள்ளையை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து எங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள்.

என் தகப்பனார் இறந்த பிறகு பூட்டிக் கிடந்த வீடு தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் திறந்து குடிபுகுந்தோம். வந்து சில நாட்களிலேயே அவளுக்கு எழும்பி நடக்க முடியாமல் போனது. உடம்பில் இரத்தமே இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மறித்துவிட்டார்கள். அந்தப் பதினாறு நாளும் அவள் படுத்திருந்த கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே குறோட்டன் வேலி. இதை அவள் பிற்காலத்தில்தான் சொன்னாள்.

பக்கத்து வளவில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற ஒருவர் மனைவியோடு இருந்தார். அண்ணை, அக்கா என்றுதான் நாங்கள் அவர்களைக் கூப்பிட்டோம். இரண்டு வளவுக்கும் ஒரே கிணறு. தடிகளை நட அக்கா இரண்டு பழைய பால்மா ரின்களும் ஒரு உடைந்த முட்டியும் தந்தா. அடியில் ஓட்டை குத்தி, மணலும் மக்கிய எருவும் கலந்து போட்டு, மனைவி மாமர நிழலில் வைத்தாள். தடியைச் சாய்வாக வெட்ட வேண்டும், வெட்டின இடத்துப் பால் காய்ந்த பிறகுதான் நட வேண்டும், வேர் பிடிக்கும் வரை வெயில் காட்டக்கூடாது, தண்ணீர் கொஞ்சமாக. எல்லாம் அந்தக் கூட்டுகிற அம்மா சொல்லிக் கொடுத்தவை.

ஒன்று அழுகிப் போனது. இரண்டு பிடித்தன.

அண்ணை ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, உதை அவிச்சுத் தின்னலாமோ?"

"இல்லை அண்ணை."

"பூக்குமோ?"

"பூக்குமாம். ஆனால் பூவிலை பாக்கிறதுக்கு ஒண்டுமில்லையாம்."

"அப்ப என்னத்துக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வெய்யில் பட்டால் நிறம் கூடுமாம் அண்ணை. அதுதான் பாப்பம் எண்டு."

அவர் சிரித்துக்கொண்டு போனார். தண்ணீரெல்லாம் வெங்காயத்துக்கு இறைக்கிற ஊர் அது. அதனால் அவள் கிணற்றிலிருந்து செடிக்கென்று ஒரு வாளிகூட அள்ளவில்லை. அரிசி கழுவின தண்ணீர், முகம் கழுவின தண்ணீர், உடுப்பு அலசின கடைசித் தண்ணீர், இவைதான். வேரடியில் தென்னந்தும்பைப் பரப்பி மூடிவிடுவாள். ஈரம் இரண்டு நாள் நிற்கும்.

ஆஸ்பத்திரி அம்மா சொன்னது உண்மைதான். நிழலில் இருந்தவரை அந்த இரண்டும் வெறும் பச்சை. கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்த நகர்த்த, முதலில் நரம்புகள் மஞ்சளாயின. பிறகு இலை முழுவதும் செம்மஞ்சள், வயது போன இலைகள் கடும் சிவப்பு. சித்திரை வெயிலில் அக்காவின் ரோசாவும் செவ்வரத்தையும் துவண்டு கிடக்கும்போது, சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை அள்ளி எறியும்போது, இவை மட்டும் நிமிர்ந்து நின்றன. காலையில் எழும்பினதும் அவள் முதலில் போவது அங்கேதான்.

எனக்கு ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. அங்கே படிப்பிக்கிறவர்களின் வீடுகளில், படிக்கிற பிள்ளைகளின் வீடுகளில் நிறம் நிறமாகக் குறோட்டன் கண்டால் ஒரு தடி கேட்டு வாங்கத் தொடங்கினேன். நனைத்த பேப்பரில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவேன். எரிச்சல் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. தடியைக் கொடுத்தால் அவள் கதைப்பாள், அதுதான் காரணம். இது ஆரின்ரை வீட்டிலை, எவ்வளவு உயரம், காலமை வெயிலோ பின்னேர வெயிலோ என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நானும் பார்த்து வைத்துக்கொண்டு வந்து சொல்வேன். எங்கள் இருவருக்கும் இடையில் அப்போது வேறு பேச்சு அதிகம் இல்லை.

மூன்று வருடத்தில் படலையிலிருந்து வாசல் வரை இரண்டு பக்கமும் வரிசை நின்றது. நீட்டிலை, சுருளிலை, வாத்துக்கால் மாதிரி மூன்றாகப் பிரிந்த இலை, கரும்சிவப்பில் மஞ்சள் பொட்டு விழுந்தது. அவற்றுக்கு நடுவே செம்பு நிறத்தில் அகன்ற இலையுள்ள ஒரு செடி. அதன் பெயர் எங்களுக்கு ஒருபோதும் தெரியவரவில்லை.

இலை கேட்டு முதலில் வந்தது அண்ணைதான். எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில் அவருடைய சித்தப்பா இறந்துபோனார். நல்ல வெயில் காலம். பூ கிடைக்கவில்லை, கிடைத்ததும் பதினொரு மணிக்குள் வாடிக் கறுத்துவிட்டது.

"தங்கச்சி, அண்டைக்கு உங்களைப் பகிடி பண்ணினனான். இண்டைக்கு உங்களிட்டைத்தான் வந்து நிக்கிறன்."

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாழைத்தடலை வளையமாகக் கட்டி, குறோட்டன் இலைகளை ஈர்க்கில் முறித்துக் குத்தி, அக்காவும் அவளுமாக ஒரு மலர்வளையம் செய்தார்கள். மலர் ஒன்றுகூட இல்லாத மலர்வளையம். அன்று முழுக்க வெயிலில் கிடந்தும் அது வாடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

அதன்பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் செத்தவீடுகளுக்குக் குறைவிருக்கவில்லை. வயது போனவர்கள், நோயாளிகள், அவற்றோடு அந்தக் காலத்துச் சாவுகளும். படலையில் ஒரு பனையோலை உமல் பையோடு யாராவது வந்து நின்றால் எதற்கென்று விளங்கிவிடும். அவள் ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை. செத்தது யார் என்று கேட்டதும் இல்லை. கத்தியோடு இறங்கி, கணுவுக்கு மேலே பார்த்து வெட்டிக் கொடுப்பாள். வெட்டின இடத்தில் பால் வடிந்து காயும். மழை வந்தால் அதே இடத்தில் இரண்டு மூன்று தளிர் வரும். வாசலடியில் நின்ற இரண்டை, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த அந்த இரண்டை மட்டும், அவள் வெட்டுவதில்லை.

எண்பத்தெட்டில் ஒரு கிழமைக்குள் இரண்டு செத்தவீடு வந்து, செடிகள் எல்லாம் மொட்டையாகிவிட்டன. மழை இன்னும் தொடங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போயிருந்தாள். நான் விறாந்தையில் இருந்து பிள்ளைகளின் சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படலையில் ஒரு இளம் ஆள் வந்து நின்றான். எனக்குத் தெரியாத முகம்.

"ஐயா, ஒரு செத்தவீடு. கொஞ்சம் குறோட்டன் இலை தருவீங்களோ?"

"பாக்கிறீர்தானே தம்பி, எல்லாம் மொட்டையாக் கிடக்கு. போன கிழமைதான் வெட்டினது. வேறை எங்கையும் கேட்டுப் பாரும்."

அவன் வரிசையைப் பார்த்தான். வாசலடியில் இலையோடு நின்ற இரண்டையும் பார்த்தான். நானும் அவன் பார்ப்பதைப் பார்த்தேன்.

"சரி ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அடுத்த தாளை எடுத்தேன்.

ஒரு மணித்தியாலம் இருக்கும். மனைவி வந்து சைக்கிளை நிறுத்துகிறபோது, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அக்கா கூப்பிட்டா.

"பிள்ளை, கேள்விப்பட்டனீரே? அங்காலை தோட்டக் கொட்டிலிலை வந்து இருக்குதுகள், கடற்கரைப் பக்கத்துச் சனம். அதுகளின்ரை குழந்தையெல்லே செத்துப்போச்சு. பத்து நாள் பிள்ளை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆரும் இலைக்கு வந்தவையோ?"

"வந்தது, ஒரு பெடியன். மொட்டையாக் கிடக்கு, வேறை இடம் பாரும் எண்டு சொன்னனான்."

"ஆரைக் கேட்டுச் சொன்னீங்கள்?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னோடு குரல் உயர்த்தியதில்லை. அண்ணைக்கும் கேட்டிருக்கும். நான் எழும்பி நின்றேன். அது குழந்தை என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஆர் செத்தது என்று ஒருநாளும் கேட்காதவள் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கத்தியை எடுத்துப் போய், வாசலடியில் நின்ற இரண்டையும் வெட்டினாள். பெரிய இலைகளை ஒதுக்கிவிட்டு, நுனியில் இருந்த சின்ன இலைகளாகப் பொறுக்கி எடுத்தாள். மொட்டைத் தடிகளில் முளைவிட்டிருந்த தளிர்களையும் விடவில்லை. வளையத்தைச் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குத்தான் கட்டினாள்.

"சின்னப் பெட்டிதானே," என்றாள், யாருக்கென்றில்லாமல்.

இருவருமாக நடந்து போனோம். கொட்டிலுக்கு வெளியே அந்த இளைஞன் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாளை வைத்துவிட்டு எழும்பி, "வாங்கோ ஐயா, இருங்கோ," என்று ஒரு சாக்கை உதறி விரித்தான். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. நான் இருக்கவில்லை. பலகையின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிக்க வேணும் தம்பி. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது."

"மரத்திலை இல்லாட்டி நீங்கள் என்ன செய்யிறது ஐயா," என்றான்.

மரத்தில் இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

மனைவி உள்ளே போனாள். குழந்தையைப் பாயில் கிடத்தி, தாய் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாளாம். இவள் வளையத்தைக் குழந்தையின் காலடியில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். இதெல்லாம், எங்களுக்குப் பின்னால் அண்ணையோடு வந்திருந்த அக்கா பிறகு சொன்னது. நான் வெளியே நின்றபடி கேட்டது அழுகைச் சத்தம் மட்டும். முதலில் அது தாயின் குரல் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு குரல் கேட்டது. என் மனைவி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. மண்டபத்தில் அழவில்லை, கப்பலிலும் அழவில்லை. வந்திருந்த பெண்கள் அவளைச் சொந்தக்காரி என்று நினைத்து, "ஆர், சித்தியோ?" என்று கேட்டார்களாம்.

குழந்தையைப் புதைக்க, தகப்பனான அந்த இளைஞனோடு அண்ணையும் நானும் போனோம். குழி வெட்ட மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். சிவப்பு மண், காய்ந்து கல்லாய்க் கிடந்தது. அந்தச் சின்னக் குழிக்கு நெடுநேரம் பிடித்தது.

திரும்பி வந்து கிணற்றடியில் குளித்தேன். அவள் ஏற்கெனவே தலைமுழுகிவிட்டுக் கிணற்றுக் கட்டில் இருந்தாள். பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

"அது பொம்பிளைப் பிள்ளை," என்றாள்.

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

"ஒரு நேர்ஸ் தூக்கிக் காட்டினவ. தலையிலை மயிர் இருந்தது. பிறகு துணியிலை சுத்திக் கொண்டு போயிட்டினம். எனக்குச் சிங்களம் நல்லாத் தெரியும். அண்டைக்கு எங்கை கொண்டு போறியள் எண்டு கேக்க ஒரு சொல்லும் வாயிலை வரேல்லை."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நீங்களும் கேக்கேல்லை," என்றாள்.

"ஓம். நான் கேக்கேல்லை. நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீங்கள் கேப்பீங்கள் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தனான். அஞ்சு வருஷம். ஊரிலை எல்லாருக்கும் வெட்டிக் குடுத்தன். எங்கடை பிள்ளைக்கு ஒரு இலை வைக்கேல்லை," என்றாள்.

நான் அவள் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் சொன்னாள், நான் கேட்டேன். எந்தக் கையால் அந்த நேர்ஸ் தூக்கினாள் என்பது வரை சொன்னாள். அண்ணை தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வந்தவர், எங்களைக் கண்டு மிசினைத் தொடாமல் திரும்பிப் போனார்.

அடுத்த ஆடியில், செத்தவர்களுக்காகத் தீர்த்தமாடுகிற கீரிமலைக்குப் போனோம். பெயர் வைக்காத பிள்ளைக்கு என்ன கிரியை என்று எங்களுக்குத் தெரியாது. ஐயரிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது. கடலில் இறங்கி முழுகினோம். அவள் மடியில் கட்டி வந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். வெட்டின தடிகள் எல்லாம் முதல் மாரியிலேயே முன்னைவிட அடர்த்தியாகத் தளிர்த்திருந்தன.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் அந்த ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தது. ஷெல் கிட்ட விழத் தொடங்கியது. அவள் உடுப்பையும் அரிசியையும் கட்டிக்கொண்டிருந்தபோது, நான் கத்தியை எடுத்துப் போய் ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு தடி வெட்டி ஈரச் சாக்கில் சுற்றினேன். அவள் கண்டாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணையும் அக்காவும் வேறு பக்கம் போனார்கள். தோட்டக் கொட்டிலில் இருந்த இருவரும் அதற்கு முந்தின வருடமே எங்கேயோ போயிருந்தார்கள்.

யாழ்ப்பாண நகரையொட்டிய கொழும்புத்துறையில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுப் பின்னறை கிடைத்தது. பக்கத்திலேயே கடல், கிணற்றில் உவர்த் தண்ணீர். கொண்டுபோன பதினெட்டுத் தடியில் ஐந்துதான் பிடித்தது. அவையும் இலை நுனி கருகி ஒவ்வொன்றாகப் போயின. கூரைப் பீலியால் வழிகிற மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து, அதை மட்டும் ஊற்றி இரண்டைக் காப்பாற்றினாள். வெள்ளைப் பூச்சி பிடித்தால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். அந்த நாட்களில் குளிக்கவே சவர்க்காரம் இல்லை. சாம்பலைத் துணியில் தொட்டு இலை இலையாகத் துடைப்பாள். நானும் ஒரு துணியோடு மற்றப் பக்கத்தில் இருப்பேன். ஐந்து வருடத்தில் அங்கும் ஒரு சிறு வரிசை வந்தது. அங்கும் செத்தவீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நகரை நெருங்கி எல்லாரும் ஒரே நாளில் வெளிக்கிட்டபோது நல்ல மழை. தடி வெட்டட்டுமா என்று கேட்டேன். கொண்டு போற இடத்திலை ஊண்டுறதுக்கு நிலம் இருக்குமோ தெரியாது, விடுங்கோ என்றாள். சனத்தோடு சனமாக, ஒரு அடி வைக்க ஒரு நிமிடம் நின்று, தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு வளவுக்குள் ஒன்பது குடும்பம். எங்களுக்கு மாட்டுக்கொட்டிலின் ஒரு பாதி.

இரண்டாம் கிழமை, மற்றப் பாதியில் இருந்த குடும்பத்தின் பெரியவர் நித்திரையிலேயே போய்விட்டார். சுற்றுவட்டாரத்தில் ஒரு பூ இல்லை. இருந்த இலைகுழையை எல்லாம் சனம் அடுப்புக்கும் ஆட்டுக்கும் முறித்துவிட்டிருந்தது. அவருடைய மகள், ஒன்றும் இல்லாமலே அப்பாவை அனுப்பப்போகிறோம் என்று அழுதாள்.

என் மனைவி எழும்பிப் போய் வேலியில் நின்ற பூவரசைப் பார்த்தாள். "எனக்கு ஒரு வாழைத்தடல் எடுத்துத் தாங்கோ," என்று என்னிடம் சொன்னாள். பூவரசில் பழுத்த இலை மஞ்சளாக இருக்கும். அதையும் பச்சை இலையையும் மாறி மாறி வைத்துக் கட்டத் தொடங்கினாள். அந்த மகளும் வந்து பக்கத்தில் குந்தி ஈர்க்கில் முறித்துக் கொடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று அவள் கேட்டாள். இடம்பெயர்ந்து போகிற இடங்களில் பெண்கள் முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. அதுவரை அதற்கு இல்லை என்றுதான் மனைவி பதில் சொல்லி வந்தாள்.

"ஒரு மகள்," என்றாள். "பிறந்த அண்டே போயிட்டுது."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்," என்றேன். "எண்பத்து மூண்டிலை."

மனைவி இன்னொரு இலைக்குக் கையை நீட்டினாள். நான் பழுத்ததில் ஒன்று பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.